தக்காளி விற்று வாங்கிய வீடு

செவ்வாய்க்கிழமை ஏழு தக்காளிச் செடி நட்டேன்.
வெள்ளிக்கிழமை மாடி கட்டினேன்.
கணினித் திரைக்குள்தான்.
வெளியே ரீகாவில் மைனஸ் பதினொன்று,
ஜன்னலின் உள்பக்கமும் பனி.

தோளுக்குப் பின்னால் நின்று பார்த்த ஆக்ரிஸ்
"இதெல்லாம் ஒரு ஆட்டமா, விஸ்மா?" என்றான்.
வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான்.
பக்கத்து அறை. பாதி வாடகை.
"படம் ஒன்று வரைகிறாள், ஐந்நூறு.
மீன் ஒன்று பிடிக்கிறாள், இருநூறு.
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் பதவி உயர்வு.
பணம் என்ன மரத்தில் காய்க்கிறதா?"

காய்க்கிறது.
கொல்லைப்புறத்தில், நீல இலைகளோடு.
தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.
காட்டினேன். அவன் சிரிக்கவில்லை.

பகலில் நான் பேரங்காடியில்.
வாங்கியவரே பில் போட்டுக்கொள்ளும் எந்திரங்கள் ஆறு,
அவற்றுக்கு நான் காவல்.
சிவப்பு விளக்கு எரிந்தால் போய் நிற்பேன்.
வாழைப்பழத்தை வெங்காயம் என்று எடை போட்டவரிடம்
"தவறுதலாக இருக்கும்" என்பேன்.
தவறுதல் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.
எட்டு மணி நேரம் அடுத்தவர் கணக்கில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு
மரத்தில் காசு காய்த்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

அவன் விடவில்லை.
ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
ஆட்டத்துக்குள் எதையோ ஏற்றினான்.
பில்கள் மும்மடங்கு. சம்பளம் பாதி.
செடிக்குப் பூச்சி, கூரைக்கு வரி.
மரம் போயே போய்விட்டது.
"இப்போதுதான் வாழ்க்கை மாதிரி இருக்கிறது" என்று
கைகளைத் தேய்த்துக்கொண்டான்,
பந்திக்கு உட்காரப்போகிறவன் மாதிரி.

தனக்கென்று ஒரு மனிதனைச் செய்து மீசை வைத்தான்,
தோல் சோஃபா வாங்கிக்கொடுத்தான்.
மூன்றாம் நாள் விளக்கு அணைந்தது.
நான்காம் நாள் ஒருவர் வந்து சோஃபாவைத் தூக்கிப்போனார்.
ஐந்தாம் நாள் மீசைக்காரன்
வெறும் அறை நடுவே நின்று
எங்களைப் பார்த்துக் கையை அசைத்தான்.
"எங்கோ பிழை இருக்கிறது" என்று
கோப்புகளைத் திறந்து தேடினான் ஆக்ரிஸ்.

தள்ளு, என்றேன்.

என் பழைய பெண்ணை அந்த வீட்டில் குடிவைத்தேன்.
முதலில் கண்ணாடியை விற்றேன்.
பிறகு அடுப்பும் கட்டிலும் தவிர எல்லாவற்றையும்.
ஒரு பானை சூப், மூன்று நாளைக்கு.
இருட்டியதும் படுக்கை, விளக்குச் செலவில்லை.
குளிக்க, உடற்பயிற்சிக் கூடம்.
கதகதப்புக்கு நூலகம், கையில் பேருக்கு ஒரு புத்தகம்.
பக்கத்து வீட்டாரோடு நட்பு, சாப்பாட்டு நேரம் பார்த்து.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்களே,
நான் வீங்கவே விடவில்லை.

பத்து நாள். இருபது.
பில் வந்த அன்றே கட்டினேன், கையில் நாற்பது மீதி.
ஆக்ரிஸ் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டான்.
"இந்த உத்தியெல்லாம் எந்தக் காணொளியில் பார்த்தாய்?"

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.
அடுப்பின் மேல் பானை.
பீட்ரூட். புதன் வரை வரும்.
அவனும் பார்த்தான்.
பிறகு என் காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடிக் காலுறைகளை.
பிறகு, திறந்திருந்த கதவு வழியே,
என் அறையில் முக்கால்வாசி மூடிய ஹீட்டர் திருகை.
ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.
கொஞ்ச நேரம்தான்.
அவனைவிட நன்றாக ஏழையாக இருக்க எனக்குத் தெரியும்.
இதற்கு யார் தருவார் கோப்பை, தந்தால் எங்கே வைப்பது?
அதற்குள் கவனித்தேன்,
இருபது நாளில் அவள் ஒரு படம் வரையவில்லை.
தூரிகையை முதல் நாளே விற்றிருக்கிறேன்.
ஆறு காசுக்கு.

"மரத்தைத் திருப்பி வை," என்றேன்.
"கஷ்டம் இல்லையென்றால் சுவாரசியம் ஏது?"
அவன் சொல்வதும் சரிதான், அவனுக்கு.
கிடைக்காததைத்தானே எவரும் விளையாடுகிறோம்.

ஏதேதோ அழுத்தினான்.
நீல மரம் வந்தது,
கொல்லையில் இல்லை, சற்றுக் கோணலாக,
படுக்கையறை நடுவே, தரையைப் பிளந்துகொண்டு.
"பிழை, இரு, சரிசெய்கிறேன்."

இருக்கட்டும் என்றேன்.
தண்ணீர் ஊற்றினேன்.